காதர்பேட்டையும் கடின நீரும்

கொங்கு நாட்டில், நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூரை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. நம் பிள்ளைகள் அணியும் பனியனில் ஒன்றேனும் அவ்வூரில் பின்னப்பட்டதாகவே இருக்கும். 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கையில் பற்றிய கொடியை விடாமலே அடிபட்டு உயிர் நீத்த குமரனின் ஊர் என்ற பெருமையும் அதற்குண்டு. புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வருவோர் அவர் நினைவகத்தைக் கண்டு வணங்கிவிட்டு, சிறிது தூரம் நடந்தால் காதர்பேட்டையை அடைந்துவிடலாம். இம்முறை வாசகர்களை அங்கேதான் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

காதர்பேட்டை ஒரு கடைத்தெரு என்று சொன்னால் போதாது. பல தெருக்களும் சந்துகளும் வணிக வளாகங்களும் சேர்ந்த பனியன் காடு அது. தரையில் குவியல், பலகையில் அடுக்கு, கயிற்றில் தொங்கல் என்று கண் சென்ற திசையெல்லாம் ஆடை. வெளிநாட்டுக்கென்று தைக்கப்பட்டு எண்ணிக்கையில் மிஞ்சியவை, சிறு குறையால் கழிக்கப்பட்டவை, உள்நாட்டு விற்பனைக்கென்றே தைக்கப்பட்டவை ஆகிய மூன்றும் இங்கே கலந்து கிடக்கின்றன. மொத்தமாக ‘லாட்’ எடுப்போரும் உண்டு. வீட்டிலுள்ள நான்கு பிள்ளைகளுக்கு நான்கு டி-சர்ட் எடுப்போரும் உண்டு. கேரளம், ஆந்திரம், கர்நாடகம் மட்டுமின்றி வட மாநிலங்களிலிருந்தும் வணிகர்கள் வருகிறார்கள். ஆப்பிரிக்க நாட்டு வணிகர்களும் இத்தெருக்களில் தங்கிச் சரக்கு எடுத்ததுண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓரிரவு இங்குள்ள கடைவீதி ஒன்றில் தீப்பற்றி, ஐம்பது அளவிலான கடைகள் எரிந்து போயின.

இப்பெருந்தொழில் 1920-களின் நடுவில் கைப்பின்னல் இயந்திரங்களோடு சிறிதாய்த் தொடங்கியது. தொடக்க காலத்தில் அதனை நடத்தியவர்களுள் இசுலாமிய வணிகர்கள் முன்னின்றனர். 1970-களின் இறுதியில் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியது. 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் என்று சொல்லப்படுகிறது. இத்தனை செல்வமும் ஊசியாலும் நூலாலும் மட்டும் வந்ததன்று. நீரால் வந்தது. அந்த நீரின் கதையைக் காதர்பேட்டையின் கழிவுக் குவியலிலேயே படித்துக்கொள்ளலாம்.

குவியலில் கண்ட வெண்புள்ளி

ஒரு கடையில் கருநீலப் பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தையலில் குறையில்லை; அளவில் குறையில்லை. மார்புப் பகுதியில் மட்டும், சுண்ணாம்பு தொட்ட விரலால் தடவியதுபோல மங்கலான வெண்மை. “ஏனுங்க, இது எதனால கழிச்சாங்க?” என்று கேட்டோம். கடைக்கார அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “தண்ணி பண்ணுன வேலைங்க. உடுத்தறதுக்கு ஒண்ணும் ஆகாது, வீட்டுல ரெண்டு தடவை அலசுனாப் போயிரும். ஆனா வெளிநாட்டுக்காரன் எடுக்க மாட்டானுங்க” என்றார்.

‘தண்ணி பண்ணுன வேலை’ என்ற சொல்லை எளிதாகக் கடந்துவிட இயலவில்லை. அழுக்கைப் போக்குவது நீர் என்றே நாம் பழகியிருக்கிறோம். அந்த நீரே கறையாக நிற்பது எவ்வாறு?

மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்நிலையில் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணையும் பாறையையும் ஊடுருவிச் செல்லும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்து எடுத்துக்கொள்கிறது. கொங்கு நாட்டின் காடுகளில் ஏர் ஓட்டுவோர் அறிந்த சுக்காங்கல் இவ்வகைச் சுண்ணாம்பே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் இப்பகுதியில் மழையும் குறைவு. கிணறும் ஆழ்துளைக் குழாயும் ஆழமாய்ப் போகப் போக உப்பின் அளவும் மிகுகிறது. இப்படிப்பட்ட நீரைத்தான் அறிவியலார் கடின நீர் என்பர். நம் வீட்டார் உப்புத் தண்ணீர் என்பர்.

கடின நீர் பாத்திரத்திலோ துணியிலோ கண்ணாடியிலோ துளியாக நின்று காயும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது. அது சுமந்து வந்த சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. துளியின் ஓரம் முதலில் காய்வதால் வட்டமான வெண்கோடாகவும் தோன்றும். தரையில் கோலம் வரைந்தவர் போய்விட்டாலும் கோலம் நிற்பது போன்றதே இது.

இக்கடினத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீரில் உள்ள கடினத்தைக் கால்சியம் கார்பனேட்டின் மில்லிகிராமாகக் கூறுவர். 60 வரை மென்னீர். 180-க்கு மேற்பட்டால் மிகக் கடினமான நீர். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடின நீரைக் குடிப்பதால் உடலுக்குக் கேடு விளையும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் உறுதியான சான்று எதையும் காணவில்லை. ஆகவே குடிப்பவரைவிடத் துவைப்பவருக்கும் சாயமிடுபவருக்குமே அது பெருந்தொல்லை.

பட்டறைக்குள் நீர்

சலவைப்பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் கடின நீர் செய்யும் தீங்கு ஒன்றிரண்டன்று. சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்து, பிசுபிசுப்பான கசடாகித் துணியில் ஒட்டுகிறது. பருத்திக்குச் சாயமேற்றச் சோடாச் சாம்பல் சேர்ப்பர். நீரிலுள்ள கால்சியம் அதனோடு கூடிச் சுண்ணாம்புத் தூளாகி இழைகளிடையே படிகிறது. வெள்ளைத் துணியில் அது கண்ணுக்குத் தெரியாது. கருப்பிலும் கருநீலத்திலும் தெரிந்துவிடும். நாம் கண்ட பனியனில் நிகழ்ந்தது இதுவே என்று கருதலாம். சாயத்தின் ஒரு பகுதி கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிட்டால் நிறம் திட்டுத் திட்டாக ஏறும். பாய்லரின் குழாய்களில் சுண்ணாம்பு ஓடுபோல் இறுகிவிட்டால் வெப்பம் ஏறாது; விறகும் பணமும் வீணாகும்.

ஒரு குறைக்காக ஒரு பண்டல் திரும்பினால் இழப்பு முதலாளிக்கு மட்டுமன்று. செக்கிங் மேசையருகே காலை முதல் இரவு வரை நின்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கும் அக்கா, கைமடித்துக் கொடுக்கும் சிறுவயதுத் தங்கை, பீஸ் கணக்கில் கூலி பெறும் தையல்காரர் ஆகிய எல்லோருடைய வாரக் கூலியிலும் அந்த வெண்புள்ளியின் நிழல் விழுகிறது.

ஆதலால் திருப்பூர் எப்பொழுதும் நல்ல தண்ணீரைத் தேடி அலைந்த ஊர். சுற்றுப்புறச் சிற்றூர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கிப் பட்டறைகள் இயங்கிய காலம் நெடியது. தோட்டத்தில் பயிர் வைப்பதைவிடத் தண்ணீரை விற்பது இலாபம் என்று கிணற்றுக்காரர் எண்ணிய நாட்களும் இருந்தன. பிறகு தனியார் பங்கேற்புடன் பெருந்திட்டம் ஒன்று உருவாகி, பவானி ஆற்றிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவுக்குக் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலட்சம் லிட்டர் நீர் கொணரும் வகையில் 2005-ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தது. ஆலைகளும் நகரமும் வழியிலுள்ள ஊர்களும் அதில் பங்கு பெற்றன.

நீரை மென்மையாக்கும் வழிகளும் உண்டு. இங்கிலாந்து அரசிடம் 1841-ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற தாமஸ் கிளார்க், சுண்ணாம்பைக் கொண்டே சுண்ணாம்பை வீழ்த்தலாம் என்று காட்டினார். அளவாகச் சுண்ணாம்பு நீர் சேர்த்தால் கரைந்திருந்த சுண்ணாம்பும் திரிந்து அடியில் தங்கிவிடும். பின்னர் வந்த ரெசின் தொட்டிகள் நீரிலுள்ள கால்சியத்தைத் தாம் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. ரெசின் களைத்துப் போனால் சமையல் உப்புக் கரைசலை ஊற்றிப் புதுப்பிக்கவேண்டும். அப்போது வெளிவரும் உவர்நீர் எங்கேனும் போய்ச் சேரவேண்டும். நம் வீட்டு மாடியில் வைக்கும் சிறு கருவிக்கும் இதுவே விதி.

இல்லத்தில் செய்யத்தக்கவை

காதர்பேட்டையை விட்டுச் சற்று நம் சமையலறைக்குள் வருவோம். திருப்பூரில் மட்டுமன்று, ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள தமிழகத்து இல்லங்கள் யாவற்றிலும் குழாய்த் தலையிலும் எவர்சில்வர்க் குடத்திலும் குளியலறைக் கண்ணாடியிலும் இவ்வெண்கறை உண்டு. அதனை நீக்கும் முறை எளிதே.

சுண்ணாம்புக்குப் பகை புளிப்பு. எலுமிச்சைச் சாறோ, வினிகரும் நீரும் சரிபாதி கலந்த கலவையோ கறைமேல் பட்டால், சுண்ணாம்பு கரைந்து சிறு குமிழிகளாய்க் கரியமில வாயு வெளியேறும். துணித்துண்டை அக்கலவையில் நனைத்துக் கறைமீது பத்துப் பதினைந்து நிமிடம் போர்த்தி வைத்து, மென்மையாகத் துடைத்து, நல்ல நீரால் கழுவி, உடனே உலர்த்தித் துடைக்கவேண்டும். கறை தடித்திருப்பின் இதையே இரண்டு மூன்று முறை செய்யலாம். ஆத்திரப்பட்டு இரும்பு நாரால் தேய்த்தால் கறையோடு பளபளப்பும் போய்விடும். பித்தளைப் பாத்திரம் கறுத்திருந்தால் அது வேறு வகை. அதற்கு நம் பாட்டிமார் கண்ட புளியே சிறந்தது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்செதிலும், கொதிக்கும்போது நீரிலிருந்து பிரியும் சுண்ணாம்பே. அதில் எலுமிச்சைத் துண்டுகளிட்டு ஒரு கொதி விட்டால் இளகிவிடும்.

துவைக்கும் உப்புத் தண்ணீரில் சிறிது சலவைச் சோடாவைக் கலந்து தெளியவிட்டால் கடினம் பெருமளவு இறங்கிவிடும். வெள்ளைச் சீருடை பழுப்பேறிச் சொரசொரப்பாகிவிட்டால், கடைசி அலசலில் ஒரு வாளி நீருக்குச் சிறிதளவு வினிகர் சேர்ப்பது பயன் தரும். சாயப்பட்டறைகளில் சாயமேற்றிய துணியின் காரத்தைப் போக்க அசிட்டிக் அமிலம் சேர்ப்பார்கள். வினிகரின் புளிப்பும் அதே அமிலமே.

கடற்கரைப் பங்குகளில் வாழும் நம் வாசகர்களுக்கும் இது பொருந்தும். கடலிலிருந்து திரும்பிய ஃபைபர் படகைக் குழாய் நீரால் கழுவிவிட்டு வெயிலில் விட்டால், கடலுப்புப் போய்ச் சுண்ணாம்புப் புள்ளிகள் நின்றுவிடும். மேற்பூச்சின் மினுமினுப்பு மங்கிவிடும். மேலே சொன்ன புளிப்புக் கலவையை ஓரத்தில் சிறிது தடவிச் சோதித்தபின், நிழலில், மென்துணியால் செய்து, நன்றாகக் கழுவி, மெழுகு பூசி வைப்பது முறை. எல்லாவற்றினும் மேலானது, கழுவியவுடனே காயவிடாமல் துடைத்துவிடுவதே. கறை படிய ஒரு பகல் போதும். எடுக்க ஒரு வாரம் வேண்டும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகளைக் கட்டாயம் கூறவேண்டும். முதலாவது, பளிங்கும் கடப்பைக் கல்லும் தாமே சுண்ணாம்பு வகைக் கற்கள். மொசைக் தரையிலும் பளிங்குத் துண்டுகள் உண்டு. ஆலயத் தளத்திலும் பீடப் படிகளிலும் கறை கண்டு எலுமிச்சையோ ஆசிட்டோ ஊற்றினால், கறையோடு கல்லும் அரிக்கப்பட்டுப் பளபளப்பு நீங்கிவிடும். வெறும் மென்னீரும் மென்துணியுமே அங்குப் போதும். இரண்டாவது, பிளீச்சிங் பவுடரையும் எவ்வகை அமிலத்தையும் ஒன்றுசேர்க்கலாகாது. அவை கூடினால் குளோரின் நச்சுக்காற்று எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, புளிப்புக்கு அசையாத கறையும் உண்டு. மணலைச் சார்ந்த சிலிக்காப் படிவையும், நாட்பட்டுக் கண்ணாடியே அரிக்கப்பட்ட தழும்பையும் எலுமிச்சை தீர்க்காது.

எலுமிச்சையால் தீராத கறை

இனி நொய்யல் பக்கம் திரும்பவேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. கரையோரச் சாயப்பட்டறைகள் பெருகப் பெருக, அவற்றின் கழிவும் அதில் பெருகியது. பருத்தியில் அடர்ந்த நிறம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஐம்பது கிராம் அளவிலோ அதற்கு மேலோ உப்பு இடவேண்டும். துணி சாயத்தை வாங்கிக்கொள்ளும், உப்பை வாங்கிக்கொள்ளாது. அது அனைத்தும் கழிவுநீரோடு வெளியேறும்.

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே, பாசனத்திற்கென்று 1992-ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை கட்டிமுடிக்கப்பட்டது. உழவருக்கு நீர் தரவேண்டிய அந்த அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. சுற்றியுள்ள கிணறுகள் உவர்த்தன. தென்னையும் பயிரும் பட்டுப்போயின. சோடியம் மிகுந்த நீர் களிமண்ணின் இயல்பையே கெடுத்து அதை இறுகச் செய்துவிடும். ஆற்றுப் பாசன உழவர்கள் சங்கமாகத் திரண்டு 2003-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சொட்டுக் கழிவும் வெளிவராத முறையைச் செயற்படுத்தத் தவறியதால், 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளை மூடுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்நாட்களில் திருப்பூரின் நிலை எளிதில் சொல்லற்பாலதன்று. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் பெட்டியோடு ஊர் திரும்பினர். ஒருபுறம் கிணறு கெட்டு நிலம் இழந்த உழவர் குடும்பம். மறுபுறம் தறி நின்று கூலி இழந்த தொழிலாளர் குடும்பம். இருவரும் ஒரே ஆற்றின் பிள்ளைகள். இவ்வழக்கில் எவருடைய கண்ணீரையும் பொய்யென்று தள்ளிவிட இயலாது.

பிறகு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை மென்தோல் வடிகட்டிகளில் அழுத்திச் செலுத்தி நன்னீரைப் பிரிக்கின்றனர். எஞ்சிய அடர்ந்த உவர்நீரைக் கொதிகலன்களில் ஆவியாக்கி உப்பை எடுக்கின்றனர். நீரின் பெரும்பகுதியும் உப்பில் ஒரு பங்கும் மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கின்றன. இத்துணை பெரிய அளவில் சொட்டுக் கழிவில்லா முறையைப் பின்பற்றிய துணித்தொழில் நகரங்கள் உலகிலேயே அரிது. இது திருப்பூரார் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும் செலவு மிகப் பெரிது. மறுபடி பயன்படுத்த இயலாத கலப்பு உப்பு மூட்டைகளாய்க் கிடங்குகளில் குவிந்தது. ஆணையை மீறிக் கள்ளத்தனமாகக் கழிவை விடுவோரைப் பிடித்த செய்திகளும் இடையிடையே வருகின்றன. கெட்ட நிலத்தடி நீர் ஒரு மழையில் தெளிந்துவிடுவதும் இல்லை.

காதர்பேட்டையின் குவியலில் கண்ட வெண்புள்ளிக்கு ஒரு மூடி வினிகர் போதும். ஒரத்துப்பாளையத்தின் மண்ணில் ஏறிய உப்பை அரிக்க உலகில் எந்தப் புளிப்பும் இல்லை. முன்னது இயற்கை விட்டுச்சென்ற சுவடு. பின்னது நாம் விட்டுச்சென்றது. முன்னதை எவ்வளவு கவனமாய்த் துடைக்கிறோமோ, அதனினும் பன்மடங்கு கவனத்தோடு பின்னதை வராமலே காக்கவேண்டும்.

காதர்பேட்டைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். பேரம் பேசுங்கள், அவ்வூர் வணிகர் அதை எதிர்பார்ப்பவர்களே. துணியை வெளிச்சத்தில் விரித்துத் தையலையும் நிறத்தையும் பாருங்கள். ஆனால் சிறு நீர்க்கறைக்காக நல்ல ஆடையை ஒதுக்கிவிடாதீர்கள். வெளிநாட்டு மேசையில் கழிக்கப்பட்ட அந்தப் பனியனைப் பின்னவும் நனைக்கவும் தைக்கவும் பலர் உழைத்திருக்கிறார்கள். ஒரு நதியும் தன் பங்கைத் தந்திருக்கிறது. அதை வீட்டிற்குக் கொண்டுவந்து, புளிப்பு நீரில் ஒரு முறை அலசி, நிழலில் உலர்த்தி, கிழியும்வரை உடுத்துவதே அவ்வுழைப்புக்கும் அந்த ஆற்றுக்கும் நாம் செய்யும் மரியாதையாகும். ஓர் ஆடை கூடுதலாக ஓராண்டு உழைத்தால், ஒரு தொட்டிச் சாயநீரில் அதற்கென்று செலவாகும் உப்பும் நீரும் அந்த ஓராண்டு மிச்சமாகும். பெரிய நிலையங்களும் நீதிமன்றங்களும் செய்யவேண்டியதை அவை செய்யட்டும். இச்சிறிய பங்கு ஒவ்வோர் இல்லத்தின் கைக்கும் எட்டுவதே.